சின்னவள் கட்டிய முடிச்சு

காலை ஏழே முக்கால் மணிக்கு யாருக்கும் புத்திமதி பிடிக்காது. பதினான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன். அந்த நேரத்தில் மனிதர்களுக்கு ஒரு டீயும் சாய்ந்து நிற்க ஒரு சுவரும் போதும். அந்தச் சுவரிலிருந்து அவர்களைப் பிரித்து, "எல்லாரும் கிட்ட வாங்க, பாதுகாப்பைப் பத்திப் பேசணும்" என்று சொல்லிப் பாருங்கள். இருபத்தாறு பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் காதிலும் எதுவும் ஏறாது.

நேற்று நீங்கள் என்னிடம் நான்கு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நடந்ததை உங்க வார்த்தையிலேயே எழுதிக் குடுங்க" என்றீர்கள். தொழிற்சாலை ஆய்வாளர் என்ற முறையில் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிய பதில்தான் என்று தெரியும் மேடம். ஃபிட்டர் எழுதிக்கொடுத்த புகார் ஐந்து வாரம் என் மேஜை டிராயரில் ஏன் கிடந்தது என்பது. அதற்கு அரைப் பக்கம் போதும். ஆனால் அரைப் பக்கத்தில் எழுதினால் நான் ஒரு சோம்பேறி என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் சோம்பேறி இல்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தை நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிறோம். துவைக்கும் பக்கம் பெரிய ஆபத்து கிடையாது. இஸ்திரியில்தான் இருக்கிறது. இரண்டு பெண்கள் ஈர விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்து, சுழலும் சூடான உருளையின் வாயில் கொடுப்பார்கள். உருளை தானாக இழுத்துக்கொள்ளும். அதற்குத் துணி எது, விரல் எது என்று தெரியாது. அதனால் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது. கை பட்டு அது லேசாக அசைந்தாலே உருளை நின்றுவிடும். தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறும் உண்டு. அதை இழுத்தாலும் நிற்கும். இப்படி ஆறு உருளை, ஒவ்வொன்றையும் லைன் என்போம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கம்பி விரலுக்கு மட்டும்தான் மரியாதை கொடுக்கும் என்றில்லை. விரிப்பின் தடித்த ஓரம் இடித்தாலும் உருளையை நிறுத்திவிடும். மறுபடி ஓட ஒன்றரை நிமிஷம் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விரிப்பு என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு முழம் துணியைக் கிழித்து, கம்பியின் முனையைப் பக்கத்துச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பிறகு கம்பி அசையாது, உருளையும் நிற்காது. நான் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் அவிழ்ப்பார்கள். நான் திரும்பியதும் கட்டுவார்கள். அந்தத் துணியைக் கட்டாமல் இருக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாதுகாப்பு, பயிற்சி இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

முதல் பல வருடங்கள் நான் புள்ளிவிவரம் சொன்னேன். நம் தொழிலில் போன வருடம் இத்தனை விபத்து, அதில் இத்தனை சதவீதம் கை என்று படம் போட்டுக் காட்டினேன். இரண்டாம் லைனில் ஒரு பெண் இருக்கிறாள், குரல் வளத்தால் அவளுக்குப் பெயரே சங்கு. "சார், அந்தச் சதவீதத்துல நான் எங்க நிக்கறேன்? முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒருநாள் கேட்டாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

என்னைக் கதை பக்கம் திருப்பியது சின்னவள்தான்.

சின்னவள் என் மனைவியின் தங்கை. மனைவி பெரியவள், இவள் சின்னவள், வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். தாயும் தகப்பனும் ஒரே வருடத்தில் போனபோது இவளுக்கு ஒன்பது வயது. ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான், சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடியது நான். வந்த புதிதில் சாப்பிடவே மாட்டாள். கதை சொன்னால்தான் வாய் திறப்பாள். சும்மா கேட்டுக்கொண்டும் இருக்க மாட்டாள். "அந்த ராஜா எதுக்கு மாமா அழுதான்? சும்மா அழுதான்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஒரு வாய் ஊட்டுவதற்காக நான் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் கதை சொல்ல வருகிறது என்றால், அவள் என்னைப் பிழிந்து எடுத்ததால் வந்தது. பெற்ற மகளைவிட அவள் எனக்கு ஒரு படி மேல் என்று பெரியவளிடமே சொல்லியிருக்கிறேன்.

இருபத்து மூன்று வயதில் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மடிக்கும் மேஜையில். சூடு கிடையாது, உருளை கிடையாது, உட்கார ஸ்டூல் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாப்பா என்றால் என் மகள். அவளுக்கு இரட்டைப் பின்னல் போடுவது சின்னவளின் வேலை, பெரியவளைக் கிட்டவே விடமாட்டாள். "சித்தி போட்டாத்தான் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்பாள். நான் சதவீதத்தையும் சங்கையும் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"நம்பர் சொன்னா யாருக்கு மாமா ஏறும்? ஒரு ஆளைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

"எந்த ஆளை?"

"உங்க அண்ணனைச் சொல்லுங்க. வெளியூர்ல இருக்காரு, இங்க யாரும் பார்த்ததில்லை. அவரும் இஸ்திரி வேலைதான் பார்த்தாரு, கை மாட்டிக்கிச்சுன்னு விடுங்க."

"அடிப்பாவி, கல்லு மாதிரி இருக்கற மனுஷனைப் போயி..."

"கதைதானே மாமா. ஆனா கை போனதைப் பெருசாச் சொல்லாதீங்க. அவரால சட்டைப் பொத்தான் போட முடியலை, தினமும் காலைல அண்ணிதான் போட்டு விடறாங்க, போடும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்குவாரு. இதை மட்டும் சொல்லுங்க. அதுதான் வலிக்கும்."

மறுநாள் காலை அதைத்தான் சொன்னேன். நான்கு நிமிஷம். ஜன்னல் வந்தபோது சங்கு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அன்று மதியம் நான் சத்தமில்லாமல் சுற்றி வந்து பார்த்தேன். ஆறு லைனிலும் ஒரு துணிகூட இல்லை. ஒன்பது வாரம் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மற்ற மூன்று கிளைகளுக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னார். வேலையிடத்தில் கதை சொல்வது எப்படி என்று ஒரு சின்னக் கையேடு எழுதினேன். கூட்டத்தைப் பற்றிச் சொல்லாதே, ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல். ரத்தத்தைச் சொல்லாதே, பொத்தானைச் சொல். கேட்பவருக்கு அந்த ஆள் மேல் பாசம் வந்த பிறகுதான் விபத்தைச் சொல். இப்படிப் பதினாறு பக்கம். அட்டையில் என் பெயர். உள்ளே இருந்ததில் பாதி சின்னவளுடையது என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிறகு அண்ணன் வந்தார்.

ஊரிலிருந்து வந்தவருக்கு வீட்டில் ஆள் இல்லை. சாவி வாங்கிக்கொள்ளலாம் என்று நேராக இங்கேயே வந்துவிட்டார். வாசலில் யாரோ விசாரிக்க, "நான் அவரோட அண்ணன்ங்க" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். இடைவேளை நேரம், எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். அவருடைய இரண்டு கையிலும் இரண்டு பெரிய பை. சங்கு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே. சட்டைப் பொத்தான் எல்லாம் நீங்களே போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆமாம்மா, ஏன்?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே மாடி அறையில் கேட்டது.

மறுநாள் முதல் எனக்குப் பெயர் ரீல் சார். காலையில் வாயைத் திறந்தாலே யாராவது காதுக்குப் பின்னால் பூ வைப்பதுபோல் கையைக் கொண்டுபோவார்கள். நான் மெய்யாக நடந்ததைச் சொன்னாலும், "இவரு யாரு சார், உங்க சித்தப்பாவா?" என்பார்கள். துணிகள் திரும்பி வந்தன. இந்த முறை என் செருப்புச் சத்தம் கேட்டுக்கூட அவிழ்க்கவில்லை. மேனேஜர் மற்ற கிளைகளின் பயிற்சியைத் தள்ளிவைத்தார். நான் அவமானப்பட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அவமானம் முக்கியமில்லை, அந்த இருபத்தாறு பேரின் கைதான் முக்கியம். இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அன்று வீட்டில் சின்னவள் அழுதாள். "என் தப்பு மாமா. அண்ணனைச் சொல்லுங்கன்னு நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அவள் அப்படித்தான். பாப்பா கீழே விழுந்தாலும், பால் பொங்கினாலும், முதலில் தன் மேல் போட்டுக்கொள்வாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஃபிட்டர் அந்தக் காகிதத்தைக் கொடுத்தது இந்த நேரத்தில்தான். அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, இரண்டாம் லைனில் சிவப்புக் கயிற்றின் சுவிட்ச் இறுகிவிட்டது, இழுத்தால் உருளை நிற்காது. இரண்டு, எல்லா லைனிலும் தடுப்புக் கம்பியின் இரு முனைக்கும் தகரத்தில் மூடி செய்து வெல்டு வைத்துவிட்டால் துணி கட்ட இடமே இருக்காது. "அரை நாள் வேலை சார். மேலே சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க. அப்புறம் நீங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்த வேண்டாம்" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். தகரம் என்பது தகரம். கட்ட முடியாததால் கட்டாமல் இருப்பவள் வேறு, புரிந்துகொண்டு கட்டாமல் இருப்பவள் வேறு. தகரத்தால் ஒரு மனம் மாறுமா. பதினான்கு வருடம் நான் செய்ததை ஒரு தகர மூடி செய்துவிடும் என்றால், நான் எதற்கு. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காகிதம் டிராயரில் இருக்கட்டும் என்று வைத்தேன். ஐந்து வாரம் ஆனது அப்படித்தான்.

அந்த நாட்களில் நான்காம் லைனில் ஒரு புதுப்பெண்ணுக்கு நகம் பிய்ந்தது. ஒருநாள் எல்லாரும் 'உச்' கொட்டினார்கள். மறுநாள் அவளே துணி கட்டினாள். ஒரு நகம் யாரையும் திருத்தாது என்று தெரிந்துகொண்டேன். பொய்க் கதையும் இனி எடுபடாது. கண்ணால் பார்த்த கதைதான் எடுபடும். பார்த்தவர்களுக்கு அந்த ஆள் மேல் முன்பே பாசம் இருக்க வேண்டும். இது நானே கையேட்டில் எழுதியது. ஒருநாள் காலைக் கூட்டத்தில் இருபத்தாறு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவர்களில் யாருக்கு ஒன்று நடந்தால் மற்ற இருபத்தைந்து பேரும் அழுவார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அதை நான் வேண்டுமென்று கேட்கவில்லை. தொழில் பழக்கம். பதில் உடனே வந்தது. கடைசி வரிசையில், யார் கையிலிருந்தோ டம்ளரை வாங்கித் தான் கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டாம் லைனில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போனாள். அந்த இடத்துக்குச் சின்னவளைப் போடலாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"உங்க வீட்டுப் பொண்ணையா சார்? மடிக்கற டேபிள்ல சௌகரியமா இருக்குதே, எதுக்கு உருளைகிட்ட?" என்றார்.

"எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும். சொந்தக்காரின்னு சலுகை காட்டறேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது" என்றேன். என் மேல் அவருக்கு மரியாதை கூடியது, முகத்தில் தெரிந்தது.

சின்னவளுக்குச் சந்தோஷம்தான். "சங்கு அக்கா பக்கத்துல நின்னா பொழுது போறதே தெரியாது மாமா" என்றாள். போன முதல் நாளே லைனில் இருந்த துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். சங்கு எவ்வளவோ கேலி செய்து பார்த்தாள். "மாமாவுக்குப் பயந்து சாவுதுடி இது" என்றாள். "பயமெல்லாம் இல்லக்கா, மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இவள் சொன்னதை நானே கேட்டேன். பதினாறு நாள் அந்த லைனில் துணி இல்லை. உருளை அடிக்கடி நின்றது, எண்ணிக்கை குறைந்தது, சூப்பர்வைசர் முணுமுணுத்தார். அவள் அசையவில்லை.

பதினேழாவது நாள் வியாழக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். நான் மடிக்கும் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்தே அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை, எழுதும் அட்டை கையில் இருந்தது. ஒரு விரிப்பு வாயருகே சுருண்டது. அவள் அதை நீவிவிடக் கையை நீட்டினாள். கம்பி பட்டால் நின்றுவிடும் என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அதனால் பயமில்லாமல் நீட்டினாள். கம்பி அசையவில்லை. சங்கு சிவப்புக் கயிற்றில் தொங்கினாள், உருளை நிற்கவில்லை. காகிதம் டிராயருக்குள் போய் அன்றோடு ஐந்து வாரம். மெயின் சுவிட்சை அணைக்க ஃபிட்டர் ஓடிய நேரம் பதினொரு விநாடி. சின்னவள் அம்மா என்று கத்தவில்லை. மாமா என்றுதான் கத்தினாள். பதினொரு விநாடியும் அந்த ஒரு வார்த்தைதான்.

நான் நினைத்தது நுனி விரல். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. கையை நான் நினைக்கவே இல்லை. வலது கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் என்னைத் தேற்றினாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும்.

கம்பியில் துணி கட்டியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யார் கட்டியது என்ற கேள்வி வந்தது. சங்கு தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். மூன்றாம் நாள், மருந்து மயக்கம் தெளிந்தும் தெளியாமலும், சின்னவள் என்னைக் கேட்டாள்.

"மாமா, நான் கட்டலையே?"

நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். "நீதாம்மா கட்டின. அன்னிக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல்ல நாடகம், ஞாபகம் இருக்கா? நாலு மணிக்குக் கிளம்பணும்னு என்கிட்ட சொன்ன. எண்ணிக்கை முடியலை. ஒரே ஒரு நாள்தானேன்னு கட்டிட்ட. பரவாயில்லை, யாரும் உன்னைத் திட்டலை."

நாடகம் உண்மை. நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவள் சொன்னதும் உண்மை. கதையில் முக்கால்வாசி உண்மையாக இருந்தால் மீதி தானாக ஒட்டிக்கொள்ளும். அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எனக்கு ஞாபகம் வரலையே மாமா" என்றாள். வரும் என்றேன். தினமும் ஆரஞ்சு உரித்து ஊட்டிக்கொண்டே சொன்னேன், ஒன்பது வயதில் சொன்னதுபோல. இந்த முறை அவள் கேள்வி கேட்கவில்லை. ஆறாம் நாள், "கட்டினேன்னுதான் நினைக்கறேன்" என்றாள். ஒன்பதாம் நாள் பெரியவள் தோளில் சாய்ந்து அழுதாள். "நான்தான்க்கா கட்டினேன். மாமா இத்தனை வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டதைக் கேக்காம நானே என் கையைக் கெடுத்துக்கிட்டேன்" என்றாள். பெரியவள் அன்று இரவு என்னிடம், "உங்க பேச்சை ஒரு நாளும் தட்டாதவ, எப்படிங்க கட்டியிருப்பா?" என்று கேட்டாள். மனுஷங்கதானே என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள், பதிவேடு பார்க்கும் மேஜைக்கு. முதல் நாள் காலைக் கூட்டத்தில் நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளே முன்னால் வந்தாள். "மாமா, இன்னிக்கு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கையை மறைத்திருந்த துப்பட்டாவை எடுத்தாள். "இது யாரும் பண்ணலை. என் அவசரம்தான் பண்ணுச்சு" என்று தொடங்கினாள். மூன்று நிமிஷம். யாரும் காதுக்குப் பின்னால் பூ வைக்கவில்லை. சங்கு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை இருநூற்றுப் பதினொரு நாள். ஆறு லைனிலும் ஒரு துணி கிடையாது. எண்ணிக்கை குறைந்தாலும் யாரும் கட்டுவதில்லை. ஒருவருக்கு ஒரு நகம்கூடப் போகவில்லை. என்னை ரீல் சார் என்று கூப்பிடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மேனேஜர் அவளை மற்ற மூன்று கிளைகளுக்கும் அனுப்பிப் பேசவைக்கலாம் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் கட்டிலில், அவள் தரையில், அவள் மடியில் பாப்பா. பாப்பாவுக்கு இப்போதும் சித்திதான் பின்ன வேண்டும். ஒரு கற்றையைப் பாப்பாவே காதோரம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள், மற்ற இரண்டையும் சித்தி இடது கையால் சமாளிக்கிறாள். ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்து முடிகிறாள். பின்னல் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது. பாப்பா அதை வெளியே சொல்வதில்லை, பள்ளிக்கூடத்தில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வருகிறாள்.

சின்னவள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். துணியைக் கட்டும் இடம் வந்ததும் புதிதாக ஒன்று சேர்த்தாள்.

"அந்த முடிச்சைப் போடறப்போ பாப்பா ரிப்பன் ஞாபகம் வந்துச்சு. காலைலதான் அவளுக்கு முடிஞ்சு விட்டிருந்தேன். அதே மாதிரி பூ முடிச்சு போட்டேன். இந்த ரெண்டு கையாலயும் நான் கடைசியா போட்ட முடிச்சு அதுதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இது நல்லா இருக்கா மாமா? நேத்துதான் ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

நல்லா இருக்கு என்றேன். எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இல்லாத ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதை அவளே கழுவித் துடைத்து, பாசத்தோடு, என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறாள். நீங்கள் கேட்காத இந்த விஷயத்தை நான் எழுதுவதற்கு அந்த முடிச்சுதான் காரணம். காகிதத்துக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். முடியவில்லை.

அது பூ முடிச்சு இல்லை. அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். கிழிசல் கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து ஒரு முழம் கிழித்தேன். இரண்டாம் லைனில், சுவர்ப்பக்கத்து முனையில், நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான்தான் கட்டினேன். மூன்று சுற்று, இரட்டை முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சிவப்புக் கயிறு வேலை செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். அன்றைய சோதனைத் தாளில் இரண்டாம் லைனுக்கு நேராகச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னுடையதுதான், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழே முக்காலுக்கு வழக்கம்போல் கூட்டம் நடத்தினேன். அவள் முன்வரிசையில் நின்றாள், தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள், மேல்முறையீடு எதுவும் செய்ய மாட்டேன். ஃபிட்டரின் தகர மூடியையும் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. துணியைக் கட்டியது நான் என்று சின்னவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதினொரு விநாடியும் என்னைக் கூப்பிட்டவள் அவள். தெரிந்தால் நொறுங்கிப்போவாள். அதற்காகத்தான் கேட்கிறேன், அடுத்த வாரம் மூன்று கிளைகளிலும் அவள் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்காக இல்லை.